பரவைக்கு வந்த 'பாஸ்': சென்னையில் செய்த ஒரு லினக்ஸின் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலையை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் வீட்டில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் இருக்கிறதா? 2011, 2012 வாக்கில் பிளஸ் டூ படித்தவர்கள் வீட்டில் கட்டாயம் ஒன்று இருக்கும். பரணில் கிடக்கலாம். பீரோவுக்கு மேலே துணியில் சுற்றி வைத்திருக்கலாம். அது புதிதாக வந்த நாட்களில், ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் சில வரிகள் தோன்றும். ஒன்றில் விண்டோஸ் என்று இருக்கும். இன்னொன்றில் பாஸ் என்று இருக்கும். எதை வேண்டும் என்று நாம்தான் அம்புக்குறியால் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்த இரண்டாவது வரியை எத்தனை பேர் தொட்டிருப்பீர்கள்? நான் விசாரித்த வரையில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நம் சென்னையில் நடந்த பெரிய உழைப்பு இருக்கிறது. அதன் வரலாறு எந்தப் பாடப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கணினி ஆசிரியர் அல்ல. 1980ல் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, பல ஆண்டுகள் இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பள்ளிக்குக் கணினி வந்தபோது, "சாருக்குத்தான் பொறுமை ஜாஸ்தி" என்று சொல்லி அந்த அறைச் சாவியை என் கையில் கொடுத்தார்கள். அன்று பிடித்த ஆர்வம், இன்று வரை விடவில்லை.

சரி, கதைக்கு வருவோம்.

கணினி என்பது வெறும் இரும்பும் பிளாஸ்டிக்கும். அதை நடத்துவது இயங்குதளம். விண்டோஸ் ஓர் இயங்குதளம். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்கினாலும் அது எப்படிச் செய்யப்பட்டது என்று திறந்து பார்க்க முடியாது, திருத்த முடியாது, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கவும் சட்டப்படி முடியாது.

இது சரியில்லை என்று சொன்னவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983ல் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். அவர் கேட்டது இந்த நான்கு உரிமைகளைத்தான். குனு திட்டத்தில் பல கருவிகள் தயாராகின. ஆனால் நடுவில் இருக்க வேண்டிய கர்னல் தயாராகவில்லை. கர்னல் என்றால் கணினியின் உறுப்புகளோடு நேரடியாகப் பேசும் மையப் பகுதி. கீபோர்டில் நீங்கள் ஒரு விசையைத் தட்டினால், அது முதலில் போய்ச் சேரும் இடம் கர்னல்தான்.

1991ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், அந்தக் கர்னலை எழுத ஆரம்பித்தார். ஆகஸ்ட் 25ந் தேதி இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். அதன் முதல் வடிவம் ஏறக்குறைய 10,000 வரிகள்தான். இன்று 3 கோடி வரிகளுக்கு மேல். அதுதான் லினக்ஸ்.

இப்போது ஒரு கேள்வி வரும். லினக்ஸ் ஒன்றுதானே, பிறகு ஏன் உபுண்டு, டெபியன், சூசே, பாஸ் என்று இத்தனை பெயர்கள்?

நம் பரவைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. திண்டுக்கல் ரோட்டில் நம் காய்கறி மார்க்கெட் இருக்கிறது. லாரியில் மூட்டை மூட்டையாகக் காய் வந்து இறங்கும். அதை யாரும் அப்படியே சட்டியில் போடுவதில்லை. கடைக்காரர் வாங்கி, தரம் பிரித்து, அழுகலை ஒதுக்கி, தன் தெருவில் எது விற்குமோ அதை மட்டும் எடுத்துப் போகிறார். லினக்ஸ் உலகத்தில் டெபியன் அப்படி ஒரு மொத்த மார்க்கெட். 1993ல் இயன் மர்டாக் என்பவர் தொடங்கியது. தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்தார். அங்கே ஆயிரக்கணக்கான மென்பொருள்களை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சோதித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து எடுத்து, தன் ஊருக்கு ஏற்றபடி பிரித்துக் கட்டிக் கொடுப்பதைத்தான் தமிழில் 'வழங்கல்' என்கிறோம். 2004ல் வந்த உபுண்டுவும் டெபியனிலிருந்து எடுத்த வழங்கல்தான். அந்தக் காலத்தில் உபுண்டுக்காரர்கள் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள். எனக்கும் ஒன்று வந்தது.

ஒரு வழங்கலைச் செய்வதில் என்ன வேலை இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? பின்னணிப் படத்தை மாற்றி, பெயரை மாற்றினால் போதும் என்று சிலர் கிண்டல் செய்வார்கள். மூன்று பெரிய வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, தேர்வு. எந்த மென்பொருள் வேண்டும், எது வேண்டாம், எந்த மொழி, எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை.

இரண்டு, கர்னல். டெபியன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நிலையான பதிப்பை வெளியிடும். அதில் உள்ள கர்னல், வெளியீட்டுக்குச் சில மாதங்கள் முன்பே முடிவாகிவிடும். ஆனால் சந்தையில் மாதம் ஒரு புது லேப்டாப் வருகிறது. அதில் புது வைஃபை சில்லு, புது கிராபிக்ஸ் சில்லு. பழைய கர்னலுக்கு அந்தச் சில்லைத் தெரியாது. 2008ல் எடுத்த வாக்காளர் பட்டியலில் 2010ல் குடிவந்தவர் பெயர் இருக்குமா? அதே மாதிரிதான். லேப்டாப் புதிதாக இருக்கும், இணையம் மட்டும் வராது. இதைத் தீர்க்க, வழங்கலைச் செய்கிறவர்கள் புதிய கர்னலை எடுத்து, பழைய அமைப்போடு பொருத்தி, ஒவ்வொரு வகைக் கணினியிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். லினக்ஸ் கர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருவது. ஆகவே இந்த வேலைக்கு முடிவே கிடையாது.

மூன்று, நிறுவி. சிடியையோ பென் டிரைவையோ சொருகியதும் "என்ன மொழி வேண்டும்? எங்கே பதிய வேண்டும்?" என்று கேட்டுக் கேட்டு ஹார்டு டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றுகிற நிரல். சாதாரண ஆள் முதலில் சந்திப்பது இதைத்தான். "பார்ட்டிஷன்" என்ற சொல் வந்ததும் பாதிப் பேர் பயந்து எழுந்து போய்விடுவார்கள். ஹார்டு டிஸ்க்கை எப்படிப் பங்கு பிரிப்பது என்று கேட்பதுதான் அது. பாகப் பிரிவினை என்றால் நம் வீடுகளிலேயே பயம்தானே!

இந்த நிறுவியில் தமிழருக்குத் தனிச் சிக்கல் ஒன்று இருந்தது. டெபியன் நிறுவி பல ஆண்டுகள் வெறும் எழுத்துத் திரையாக இருந்தது. அதில் ஆங்கில எழுத்து ஒரு கட்டத்துக்குள் ஒன்று என்று உட்கார்ந்துவிடும். நம் எழுத்து அப்படியா? 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும், நடுவில் 'க' நிற்க வேண்டும். கட்டத்துக்குள் அடங்காது. 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0ல்தான் படத்திரையோடு கூடிய நிறுவி வந்தது. அதன் பிறகே இந்திய மொழிகளில் நிறுவுவது முடிந்தது. தமிழில் அந்தக் கேள்விகளை மொழிபெயர்த்தவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

அதற்கு முன்பு தமிழ் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1990களில் ஒவ்வொரு அச்சகத்துக்கும் ஓர் எழுத்துரு. மதுரையில் தட்டச்சு செய்த பத்திரிகையைத் திண்டுக்கல்லில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு, தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் தமிழக அரசு அதை முறைப்படி ஏற்றது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். இந்த இடைப்பட்ட ஆண்டுகளில், உலகத்தின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் இரவில் உட்கார்ந்து லினக்ஸ் திரைகளைத் தமிழாக்கினார்கள். கோப்பு, அடைவு, நிறுவு, பதிவிறக்கு போன்ற சொற்கள் பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2004ல் ரெட் ஹேட் நிறுவனம் லோகித் என்ற எழுத்துருத் தொகுப்பைத் திறந்துவிட்டது. அதில் தமிழும் இருந்தது. காசு கொடுக்காமல், திருடாமல், நேர்மையாகத் தமிழில் தட்டச்சு செய்ய வழி பிறந்தது.

இந்தப் பின்னணியில்தான் 2005ல் சென்னையில் ஒரு தேசிய மையம் தொடங்கப்பட்டது. கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் என்று பெயர். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து நடத்தின. ஆய்வு மையம் கல்லூரிகளில் ஆட்களைத் தயாரிக்கும் பக்கத்தைப் பார்த்தது. சி-டாக் சென்னை, இந்தியாவுக்கென்று ஒரு லினக்ஸ் வழங்கலைச் செய்தது. 2007 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சுருக்கமாக பாஸ். ஆபீசில் இருக்கும் முதலாளி பாஸ் இல்லை!

பாஸ் டெபியனிலிருந்து எடுக்கப்பட்டது. 18 இந்திய மொழிகளுக்கு இடம் கொடுத்தார்கள். பள்ளிகளுக்காக எடுபாஸ் என்று தனிப் பதிப்பும் செய்தார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெயர் உண்டு. 5.0க்கு அனோகா, 6.0க்கு அனூப், 7.0க்கு த்ரிஷ்டி, 8.0க்கு உன்னதி. சென்னையில் பிறந்த பிள்ளைக்கு ஒரு தடவையாவது தமிழ்ப் பெயர் வைத்திருக்கலாம் என்பது தமிழ் வாத்தியாரான என் சின்ன ஆதங்கம். அது கிடக்கட்டும்.

அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் ஒரு துணிச்சலான வேலை செய்தது. சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளையே விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அரசுத் துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் வாங்கும் கணினிகளிலும் லினக்ஸ் என்று பேச்சு வந்தது. பிளஸ் ஒன், பிளஸ் டூ கணினிப் பாடத்தில் ஏற்கெனவே எம்.எஸ். ஆபீஸுக்குப் பதிலாக ஸ்டார் ஆபீஸ் பாடமாக இருந்தது. அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

பிறகு வந்தது 2011. செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல் என்று திட்டம். அந்த லேப்டாப்புகளில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அப்பன் மில்லில் வேலை பார்க்கிறார், அம்மா பூக் கட்டுகிறார், அந்த வீட்டுப் பிள்ளையின் மடியில் ஒரு கணினி. அதற்குள் அவன் முழுக்கத் திறந்து பார்க்கக்கூடிய, பிரித்துப் பார்க்கக்கூடிய ஓர் இயங்குதளம். உள்ளே எப்படி ஓடுகிறது என்பதன் மூலநிரல் வரை எல்லாம் அவனுக்கு எட்டும் தூரத்தில். லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை ஊர்களில் கிடைத்திருக்கும்?

ஆனால் நடந்தது என்ன?

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன், இன்று விளாங்குடிப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். சில மாதங்களுக்கு முன் அவனிடம் கேட்டேன்.

"ஏப்பா, அந்த லேப்டாப்ல பாஸ்னு ஒண்ணு இருந்துச்சே, அது என்னாச்சு?"

"அத ஒருத்தரும் கேட்டதில்ல சார். அது என்னன்னே புள்ளைகளுக்குத் தெரியாது. காலேஜ்ல கேக்குற சாஃப்ட்வேர் பூரா விண்டோஸ்ல. அதனால 'அண்ணே, முழுசா விண்டோஸ் போட்டுக் குடுங்க'ம்பாங்க. நானும் போட்டுக் குடுத்துருவேன். எவ்வளவு போட்டேன்னு கணக்கே இல்ல சார்."

"பாஸ அழிச்சிருவியா?"

"சில பேருக்கு இடம் வேணும்னு அழிப்பேன். சில பேருக்கு அழிக்கவே மாட்டேன் சார். விண்டோஸ மறுபடி ஏத்துனாலே அந்த மெனு போயிரும். அது பாட்டுக்கு உள்ள கிடக்கும்."

அவன் சொன்ன கடைசி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. நுட்பம் இதுதான். லேப்டாப் ஆன் ஆனதும் எந்த இயங்குதளத்தைக் கூப்பிடுவது என்று கேட்கும் ஒரு சின்ன நிரல், ஹார்டு டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும். லினக்ஸ் வைக்கும் நிரல், "இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள், யாரைக் கூப்பிட?" என்று கேட்கும். விண்டோஸை மறுபடி ஏற்றினால், அது அந்த நிரலின் மேல் தன் நிரலை எழுதிவிடும். அது தன்னை மட்டும்தான் கூப்பிடும். பாஸ் அழியவில்லை. கோப்புகள் எல்லாம் பத்திரமாக உள்ளேதான் இருக்கும். வாசல் கதவை மட்டும் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. எத்தனையோ வீட்டுப் பரணில் இன்றும் அப்படி அடைபட்ட அறையோடு லேப்டாப்புகள் கிடக்கின்றன.

அந்த அறையைத் திறந்தவர்களும் இருந்தார்கள். 2013 வாக்கில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கல்லூரிப் புராஜெக்டைப் பென் டிரைவில் வைத்திருந்தாள். பிரவுசிங் சென்டரில் சொருகியதில் வைரஸ் புகுந்து, எல்லாக் கோப்பும் மறைந்து, அம்புக்குறி போட்ட போலிப் படங்கள் மட்டும் தெரிந்தன. அழுதுகொண்டே வந்தாள். "உன் லேப்டாப்ல பாஸ் இருக்குல்ல, அதுல போய் இந்தப் பென் டிரைவைத் திற தாயி" என்றேன். திறந்தாள். எல்லாக் கோப்பும் அப்படியே இருந்தன. அந்த வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்து வைக்க மட்டும் செய்யும். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது, லினக்ஸில் அதன் ஜம்பம் பலிக்காது. "தாத்தா, இது இத்தனை நாளா இதுக்குள்ளயே இருந்துச்சா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் அந்த இரண்டாவது வரியை விடவில்லை. இப்போது கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் சர்வர் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். அந்த சர்வர்கள் ஓடுவதும் லினக்ஸில்தான்.

ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது ஏன் லட்சம் பேருக்குக் கிடைக்கவில்லை? யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வரலாறு என்றால் காரணம் தேட வேண்டும் அல்லவா?

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 2001ல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். அங்கே பள்ளிகளுக்கென்று தனி லினக்ஸ் வழங்கல் செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. ஆசிரியர்களுக்கு அதிலேயே பயிற்சி கொடுத்தார்கள். பாடப் புத்தகத்தை அதை வைத்தே எழுதினார்கள். எஸ்.எஸ்.எல்.சி. ஐ.டி. செய்முறைத் தேர்வையும் அதில்தான் நடத்தினார்கள். பரீட்சைக்கு வருகிறது என்றால் நம் ஊரில் எதைத்தான் படிக்க மாட்டார்கள்! 2019ல் உபுண்டு 18.04ஐ அடிப்படையாக வைத்துப் புதிய பதிப்பை 2 லட்சம் பள்ளிக் கணினிகளுக்கு என்று வெளியிட்டபோது, இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று சொன்னார்கள். ஒரு கணினிக்கு மென்பொருள் செலவு 1.5 லட்சம் ரூபாய் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. அவ்வளவு மென்பொருளையும் எந்தப் பள்ளியும் வாங்கப் போவதில்லை, ஆகவே அந்தத் தொகையை நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 300 கோடி. அதைவிடப் பெரிய லாபம், பழுது பார்க்கத் தெரிந்த ஆசிரியர் அங்கே பள்ளிக்குப் பள்ளி உருவானது.

நம்மிடம் வழங்கல் இருந்தது. கருவியும் மாணவர் கையில் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய ஆள் இல்லை.

இதைக் கண்மாயை வைத்துத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. எங்கள் ஊர்ப் பெயருக்கே கடல் என்று ஒரு பொருள் உண்டு. பரவை என்றால் பரந்த நீர்ப்பரப்பு. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைச் சொன்னால் முனியம்மாவின் குரல் நினைவுக்கு வரும், எனக்குக் கண்மாய்தான் நினைவுக்கு வரும். கண்மாய் வெட்டியவர் பெயரைக் கல்லில் பொறிப்பார்கள். ஆனால் கண்மாயை உயிரோடு வைத்திருப்பது வருஷா வருஷம் கரையைச் செப்பனிடுகிறவன், மடையைத் திறந்து மூடுகிற நீர்பாய்ச்சி, வரத்துக் கால்வாயில் அடைப்பு எடுக்கிற ஊர்க்காரர்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858ல் வெள்ளைக்காரர்கள் அதைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தார்கள். சட்டத்தால் மட்டும் கரை நிற்கவில்லை. கண்மாய் நம்முடையது என்ற எண்ணம் போன ஊர்களில் வண்டல் ஏறி, கருவேலம் முளைத்து, கடைசியில் பிளாட்டாகவே ஆகிவிட்டது.

லினக்ஸ் வழங்கலும் கண்மாய் மாதிரிதான். ஒரு தடவை வெட்டினால் முடிந்துவிடாது. கர்னலைப் புதுப்பிப்பது கரை கட்டுவது. நிறுவியைப் புதுப்பிப்பது மடையைச் சரிபார்ப்பது. இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது, புதிய லேப்டாப்புகளில் செக்யூர் பூட் என்ற பூட்டும் சேர்ந்து வந்தது. கையெழுத்து சரிபார்க்கப்படாத எந்த இயங்குதளத்தையும் அது உள்ளே விடாது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் முந்தைய ஆண்டு வரை நன்றாக ஓடிய லினக்ஸ் நிறுவிகள், அந்த லேப்டாப்புகளின் வாசலிலேயே நின்றுவிட்டன. உபுண்டு போன்ற பெரிய வழங்கல்கள் உடனே வழி கண்டுபிடித்தன. மொத்த மார்க்கெட்டான டெபியனிலேயே இந்த வசதி முழுமையாக வந்தது 2019 ஜூலையில், 10ஆம் பதிப்பில். அந்த இடைவெளியில் லினக்ஸ் போட முயன்று தோற்ற எத்தனை பேர் "இது நமக்கு ஒத்து வராது" என்று விட்டிருப்பார்கள்! ஒரு மடை அடைத்துக்கொண்டால் கடைமடை வயல் காயும்.

நிறுவனத்தில் இருக்கும் பொறியாளர்கள் கரையைக் கட்டலாம். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்க்க ஊரில் ஆள் வேண்டும். அந்த வேலையைக் கொஞ்சமாவது செய்தவர்கள் தன்னார்வலர்கள். 2012ல் தொடங்கிய கணியம் என்ற தமிழ் மின்னிதழ், லினக்ஸைப் பற்றி எளிய தமிழில் தொடர்ந்து எழுதியது. து.நித்யா எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' போன்ற நூல்களை இலவசமாகவே கொடுத்தார்கள். என் போன்ற ஆங்கிலம் தடுமாறும் ஆசிரியர்கள் கற்றுக்கொண்டது அங்கேதான். அவர்களுக்கு என் நன்றி.

இதெல்லாம் பழங்கதைதானே, இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். இல்லை, இப்போதுதான் தேவை.

2015 மார்ச்சில் மத்திய அரசு, தன் துறைகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று கொள்கை அறிவித்தது. 2023ல் பாதுகாப்பு அமைச்சகம், இணையத் தாக்குதலுக்குப் பயந்து, உபுண்டுவிலிருந்து செய்த மாயா என்ற இயங்குதளத்துக்கு மாறுவதாகச் செய்தி வந்தது. நாட்டின் ரகசியத்தைக் காக்க நம் கையால் கட்டிய வழங்கல் வேண்டும் என்று அங்கே புரிந்துகொண்டார்கள். இன்னொரு பக்கம், 2025 அக்டோபர் 14ந் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றில் ஏறாது. அப்படியானால் நம் பள்ளிகளில், கடைகளில், வீடுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை என்ன செய்வது? பழைய இரும்புக்குப் போடுவதா?

வேண்டியதில்லை. ஒரு வருஷமாக நானும் ஓய்வு பெற்ற இரண்டு நண்பர்களும் சேர்ந்து, பரணில் கிடந்த ஏழு அரசு லேப்டாப்புகளை வாங்கித் துடைத்து, குறைந்த நினைவகத்தில் ஓடும் லினக்ஸை ஏற்றியிருக்கிறோம். நாங்கள் பார்த்தவற்றில் எல்லாம் 2 ஜிபி ரேம்தான். பேட்டரி செத்துவிட்டது, கரண்டில்தான் ஓடும். ஆனால் தமிழில் தட்டச்சு செய்யலாம், படிக்கலாம், பைத்தான் எழுதலாம். இன்றைய பிளஸ் டூ கணினி அறிவியல் பாடம் பைத்தான்தானே? அதற்கு இந்த லேப்டாப் தாராளம். நான்கு பிள்ளைகள் அதில் பயிற்சி செய்கிறார்கள்.

ஏழு லேப்டாப் பெரிய எண்ணிக்கை இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த நான்கு பிள்ளைகளுக்கும் இப்போது பார்ட்டிஷன் என்றால் பயம் இல்லை. நிறுவி கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துத் தாங்களே பதில் சொல்கிறார்கள். வைஃபை வராவிட்டால் எந்தச் சில்லு, எந்தக் கர்னல் என்று தேடுகிறார்கள். அதில் ஒருத்தன், "சார், நாமளே நம்ம ஸ்கூலுக்குன்னு ஒரு லினக்ஸ் பண்ணுனா என்ன?" என்று கேட்டிருக்கிறான். டெபியனில் அதற்கான கருவிகள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. பாடப் புத்தகங்களையும், தமிழ்99 விசைப்பலகையையும், பைத்தானையும் சேர்த்து ஒரு பென் டிரைவில் அடக்கிவிடலாம். வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஆகவே என் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் அந்த லேப்டாப் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். பரவை, சமயநல்லூர், விளாங்குடி பக்கம் இருப்பவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம். சார்ஜர் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள், அதுதான் கிடைப்பது கஷ்டம். ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும். கர்னல் பற்றி என்னை விட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

வெட்டிய கண்மாய் இருக்கிறது. மண்வெட்டி பிடிக்கத்தான் ஆள் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், பரவை.